சில்லிம்-தோங்கில் ஒரு பிள்ளைப்பேறு

வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு இருபது கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் என் கொரியப் பயணத்தின் முதல் கட்டம் ஓசியில் தொடங்கியது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லுக்கே வேலை இருக்கவில்லை.

பெட்டியை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்தேன். கண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார்.

“என்னக்கா பெட்டிக்குள்ள? இந்த நாத்தம் நாறுது.”

“சுறாக் கருவாடுய்யா. மூணு கவரு போட்டுக் கட்டியிருக்கேன், அதையும் மீறி வருது. கொரியாவுக்குப் போவுது.”

“கொரியாவா? அது எங்கிட்டு இருக்கு, கட்டுமாவடிக்கு அங்கிட்டா?”

“ஆமா, இன்னும் கொஞ்சம் தள்ளி.”

நான் ஆலங்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். பெயர் சகாயமேரி, வயது நாற்பத்தொன்று. சியோலில் இருப்பவள் என் தங்கை ஜெனிட்டா, வீட்டில் ஜெனி. எங்கள் அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்தொன்று. அப்பா அதற்கும் முன்பே போய்விட்டார். ஆக அவளுக்குத் தலை பின்னிவிட்டு, பேன் பார்த்து, ஃபீஸ் கட்டி, டாக்டர் பட்டம் வரைக்கும் கொண்டுபோய் விட்டவள் நான். இதை நான் அடிக்கடி சொல்வேன் என்பது ஊரறிந்த விஷயம்.

என் இரண்டு பிரசவத்துக்கும் எனக்குத் தாய் வீடு இல்லை. பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் நானே எழுந்து உலை வைத்தேன். ஜெனி அப்படிக் கிடக்கக் கூடாது. அவள் உடம்புக்கு வெந்நீர் ஊற்றி, மருந்து கிளறிக் கொடுத்து, பிள்ளையை என் காலில் போட்டு நான்தான் குளிப்பாட்ட வேண்டும். பல வருடமாக எனக்குள் கிடந்த வைராக்கியம் அது. இந்தப் பயணமே அதற்காகத்தான். கொரியாவைப் பார்க்கிற ஆசையெல்லாம் எனக்கு இல்லை.

விசாவுக்கு அழைப்புக் கடிதம் அனுப்பியவள் ஜெனிதான். ஆனால் பிரசவம் மே மாத முதல் பாதியில் என்றால், அவள் எனக்கு டிக்கெட் போட்டது மாதக் கடைசிக்கு. “மெதுவா வாக்கா, அவசரம் இல்ல” என்றாள். நம் பக்கத்தில் ஒருவர் ‘சிரமப்படாதீங்க’ என்றால் ‘கட்டாயம் வந்துருங்க’ என்று பொருள். சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு தடவை சோறு வாங்குகிற ஊர் இது. என் கடைப் பிழைப்பை நினைத்து மரியாதைக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். வியாழன் விடியற்காலை பெண் குழந்தை பிறந்தது என்று போன் வந்ததும், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், போகிற தேதி, வருகிற தேதி இரண்டையும் பதினைந்து நாள் முன்னால் இழுத்துவிட்டேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது கடையிலும் இருக்கலாம் என்று ஒரு கணக்கு. மாற்றுவதற்கு ரூபாய் 11,400. ஒரு தடவைதான் மாற்றலாம், மறுபடி முடியாது என்றார் டிராவல்ஸ்காரர். எதுக்கு மறுபடி மாத்தப் போறோம் என்றேன். தங்கச்சி பிரசவத்துக்கு வரவா என்று உலகத்தில் யாராவது கேட்பார்களா?

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி பஸ் விமான நிலைய வாசலிலேயே இறக்கிவிடுகிறது. அங்கிருந்து ஜெனியின் கணவர் பிரவீனுக்குப் போன் போட்டேன். இலுப்பூர்க்காரர், சியோலில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை, நல்ல பிள்ளை.

“தம்பி, நான் ஏர்போர்ட்ல இருக்கேன்.”

“எந்த ஏர்போர்ட் மதினி?”

“திருச்சி. நாளைக்குச் சாயங்காலம் அங்க வாரேன்.”

“ஜெனிக்குத் தெரியுமா?” என்றார்.

“தெரிஞ்சா அப்புறம் என்ன சந்தோசம்? சொல்லாதீங்க.”

சனிக்கிழமை, மாலை ஐந்தரை. கோலாலம்பூரில் விமானம் மாறி இஞ்சியோன் விமான நிலையம். சுற்றி வந்த தூரம் ஏழாயிரம் கிலோமீட்டர் இருக்கும். சோதனையில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எடுத்துக் காட்டினேன். கருவாட்டை விட்டுவிட்டார்கள், வேப்பிலையையும் பச்சை மஞ்சளையும் எடுத்துக்கொண்டார்கள். சரி, சுறா தப்பித்ததே என்று மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

பிரவீன் வந்திருந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. பிள்ளை பெற்ற வீட்டில் தூக்கம் ஏது என்று நினைத்தேன். சியோல் பஸ்ஸுக்கு ஆளுக்குப் பதினேழாயிரம் வொன். நம் காசுக்கு ஆயிரத்துச் சொச்சம். கடல் பாலத்தைத் தாண்டியதும் சொன்னார்.

“மதினி, ஜெனி வீட்டுல இல்ல.”

“ஆஸ்பத்திரியிலயா? என்னாச்சு?”

“நல்லா இருக்கா. இன்னிக்குக் காலையில டிஸ்சார்ஜ். இங்க பிள்ள பெத்தவங்க நேரா வீட்டுக்கு வரமாட்டாங்க. அதுக்குன்னே ஒரு நிலையம் இருக்கு. நர்ஸ் எல்லாம் உண்டு, சாப்பாடு, மசாஜு. பதினாலு நாள். ஆறு மாசம் முன்னாலயே புக் பண்ணிட்டோம்.”

“அதுக்கென்ன, நான் அங்க போயி இருக்கேன்.”

“உள்ள யாரையும் விடமாட்டாங்க. நோய் வந்துரும்னு. புருஷன மட்டும்தான்.”

“நான் அவ அக்கா.”

“அக்காவயும்தான் மதினி.”

எவ்வளவு என்று கேட்டேன். முப்பத்தெட்டு லட்சம் வொன். இரண்டேகால் லட்சம் ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்துக்கு ஆலங்குடியில் பிள்ளையைப் பெற்று, வளர்த்து, ஏழெட்டு வயதில் கோயிலில் முதல் நன்மையும் வாங்க வைத்துவிடலாம். பிறகுதான் விரல்விட்டு எண்ணினேன். பதினாலு நாள் என்றால் அடுத்ததற்கு அடுத்த சனிக்கிழமை மத்தியானம் வருகிறாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் விமானம். அவள் சொன்ன தேதிக்கே நான் வந்திருந்தால் பதினைந்து நாளும் பிள்ளை என் மடியில் இருந்திருக்கும். பாழாய்ப்போன என் அவசரம்!

இனி இடத்தைப் பற்றிச் சொல்கிறேன், போகாதவர்களுக்காக. சில்லிம்-தோங், சியோலின் தெற்கே, ஒரு மலையின் சரிவில் கிடக்கிறது. ‘தோங்’ என்றால் நம் வார்டு மாதிரி. மெட்ரோ நிலையத்திலிருந்து பச்சை நிற மினி பஸ், 1,200 வொன், ஏழாவது நிறுத்தம். இறங்கினால் ஏற்றம். சந்துக்குள் சந்து; செங்கல் கட்டடங்கள், நான்கு மாடி, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு. தூண்களுக்கு நடுவில் கார்கள். கணுக்கால் உயரத்தில் சிறு ஜன்னல்கள் தெரிகின்றன. கீழே பாதி பூமிக்குள் இருக்கும் அறைகளுக்கு அவைதான் வெளிச்சம். மழைத் தண்ணீர் இறங்காமல் அந்த ஜன்னல்களுக்கு முன்னால் பலகை அடித்திருக்கிறார்கள். தலைக்கு மேல் மின் கம்பிகள், சிக்குப் பிடித்த முடி மாதிரி. இத்தனை ஆயிரம் பேர் இருக்கிற தெருவில் ஒரு சத்தம் கிடையாது. கதவு மூடும் சத்தமும் பூட்டில் எண் அழுத்தும் சத்தமும்தான். நம் ஊரில் ஒரு தெருவுக்கு நாலு சண்டையாவது கேட்கும். இங்கே இருமினால்கூடத் தப்பு போலிருக்கிறது.

இந்த மாதிரிக் கட்டடத்துக்கு அங்கே ‘வில்லா’ என்று பெயர். என் தங்கை வில்லாவில் இருக்கிறாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். மூன்றாம் மாடி, ஒன்றரை அறை. குளியலறையில் நின்றுகொண்டே வாஷிங் மெஷினுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் முழங்கையை மடக்கிக் குளிக்க வேண்டும். நல்லவேளையாகப் பிரவீன் நிலையத்திலேயே ஜெனியோடு தங்கிக்கொண்டார். அந்த ஒன்றரை அறைக்குப் பதினாலு நாளும் நானே ராணி.

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. நிலையம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர், பெரிய சாலையில், ஆறாவது மாடி. கீழே ஒரு காப்பிக் கடை. விடமாட்டார்கள் என்று சொன்னால் நான் விடுவேனா? லிஃப்ட் ஏறிப் போனேன். கண்ணாடிக் கதவு. உள்ளிருந்த பெண் இடுப்புவரை குனிந்து வணங்கினாள், சிரித்தாள், கதவை மட்டும் திறக்கவில்லை. நானும் குனிந்தேன். அவள் மறுபடி குனிந்தாள். கடைசியில் பிரவீன் வந்து என்னைக் காப்பிக் கடைக்கு அழைத்துப் போனார். அங்கே உட்கார்ந்து ஆறாவது மாடிக்கு வீடியோ கால் போட்டார்.

“ஏங்க்கா இப்படிப் பண்ண?” என்றாள் ஜெனி. முகம் வெளுத்து, ஆனால் தெளிவாக இருந்தாள். “மாசக் கடைசின்னு சொன்னேன்ல?”

“ஒனக்கு நான் வந்ததுல சந்தோசமா இல்லையா?”

“சந்தோசம்தான். நீ அங்க தனியாக் கெடந்து என்ன செய்வ?”

பிள்ளையைக் காட்டச் சொன்னேன். பிள்ளை அவளிடமும் இல்லை. வரிசையாகத் தொட்டில் போட்ட அறையில், தலைக்கு மேல் காமிராவோடு படுத்திருக்கிறதாம். போனில் ஒரு ஆப்பைத் திறந்து காட்டினார் பிரவீன். வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு உருண்டை, ஒரு மூக்கு. காப்பி ஐயாயிரம் வொன், கசந்தது. அங்கேயே அழுதேன். பக்கத்து மேசையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பெண் டிஷ்யூ காகிதத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு மறுபடி புத்தகத்துக்குள் போய்விட்டாள்.

உள்ளே விடாவிட்டால் போகிறது, சோறு போகலாமே? ஒருநாள் விட்டு ஒருநாள் மாலையில் துணி மாற்றப் பிரவீன் வீட்டுக்கு வருவார். அவரிடம் டப்பா கொடுத்தனுப்ப ஏற்பாடு. சுறாக் கருவாட்டை வெந்நீரில் ஊறப் போட்டு, முள் எடுத்து, உதிர்த்து, பூண்டை அள்ளிப் போட்டுப் புட்டு. பால் சுரக்க அதற்கு மேல் மருந்து கிடையாது என்பது எங்கள் பக்கத்துச் சத்தியம். கூடவே பூண்டுக் குழம்பு, லேகியம் நெல்லிக்காய் அளவு. சில்லிம் சந்தையில் ஒரு கட்டுப் பூண்டு எட்டாயிரம் வொன். முதல் வாரத்திலேயே மூன்று கட்டு உரித்தேன்.

செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி. புட்டு கிளறிக்கொண்டிருக்கும்போது எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. எங்கள் ஜன்னலுக்கும் அதற்கும் கை நீட்டினால் தொடுகிற தூரம். அறுபதை நெருங்கும் பெண்மணி, சந்தையில் சோற்றுக்குத் தொட்டுக்கை விற்கும் கடையில் நிற்பவர், அங்கே பார்த்திருக்கிறேன். போனில் எதையோ பேசி என் பக்கம் காட்டினார். அது தமிழில், “மரியாதைக்குரிய அண்டை வீட்டாரே, மீன் தீப்பற்றிவிட்டதா?” என்றது.

இல்லை, தங்கைக்குச் சமைக்கிறேன், பிள்ளை பெற்றிருக்கிறாள், நிலையத்தில் இருக்கிறாள் என்று என் போனில் சொல்லி நீட்டினேன். படித்துவிட்டுத் தலையாட்டினார். தன் மகளும் அங்கேதான் இருந்தாளாம். இவரும் கண்ணாடிக்கு வெளியேதானாம். “அங்கே நல்ல உணவு உண்டு. நீங்கள் சாப்பிடுங்கள்” என்றது போன். நல்ல மனதோடு சொன்னதுதான். எனக்குச் சுருக்கென்றது. என் தங்கச்சிக்கு எது நல்ல உணவு என்று இவர் யார் சொல்ல? சிரித்துவிட்டு ஜன்னலைச் சாத்தினேன்.

ஜெனி போனில், “நல்லா இருந்துச்சுக்கா” என்பாள். ஒவ்வொரு முறையும் அதே வார்த்தை. எனக்கு அது போதுமாக இருந்தது.

பகலில் நடந்தேன். வேறு என்ன செய்ய? மேட்டுக்கு மேல், பரீட்சைக்குப் படிப்பவர்கள் தங்கும் அறைகளாகவே ஒரு பகுதி இருக்கிறது. கட்டிலும் மேசையும் போட்டால் நிற்க இடம் இல்லை. மாதம் மூன்று லட்சம் வொன் என்று ஒரு வாசலில் எழுதியிருந்தது. நாற்பது வயதுக்காரர்களும் செருப்பைத் தேய்த்துக்கொண்டு, புத்தகத்தோடு சோற்றுக் கடைக்குப் போகிறார்கள். ஒரு ஜெராக்ஸ் கடையைப் பார்த்ததும் கால் தானாக நின்றது. பக்கத்துக்கு ஐம்பது வொன், மூன்று ரூபாய். நான் வாங்குவது இரண்டு. ஸ்பைரல் போட்டவர் ஓட்டையைக் கொஞ்சம் கோணலாக அடித்தார். சொல்லிக் கொடுக்கலாம் என்று வாய் வரை வந்தது. மொழி இல்லாததால் அவர் தப்பித்தார்.

இரண்டாவது திங்கட்கிழமை, காலை எட்டு மணி. இந்தக் குப்பை விஷயத்தை அங்கே போகிறவர்கள் தெரிந்துகொண்டே ஆகவேண்டும். சாதாரணக் குப்பைக்கு ஒரு பை, சாப்பாட்டுக் கழிவுக்கு இன்னொரு பை. இரண்டையும் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். சாப்பாட்டுக் கழிவிலும் பூண்டுத் தோல், வெங்காயத் தோல், மீன் முள் சேரக் கூடாது. அந்தக் கழிவு தீவனமாகப் போகிறது; இதெல்லாம் மாடு பன்றி தின்னாது, ஆகவே சாதாரணக் குப்பை. இது எனக்குத் தெரியாது. மூன்று கட்டுப் பூண்டுத் தோலையும் சாப்பாட்டுப் பையிலேயே திணித்திருந்தேன். அன்று காலை எல்லார் பையும் போயிருக்க, எங்கள் பை மட்டும் வாசலில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கரோடு உட்கார்ந்திருந்தது. படித்துப் பார்க்கப் போனை நீட்டினேன். தவறாகப் பிரிக்கப்பட்டது, எடுக்க முடியாது.

மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து பையை அவிழ்த்தேன். மேலாக என் தோல்கள். அதற்குக் கீழே என் புட்டு. ஒரு நாளையது அல்ல. நாலு தடவை அனுப்பியதும் இருந்தது, டப்பாவில் அமுக்கிய வடிவம்கூடக் கலையாமல். லேகியம் நாலு உருண்டை, ஒன்றில்கூடப் பல் படவில்லை. கையால் அள்ளி அள்ளிப் பிரித்தேன். தோல் ஒரு பக்கம், புட்டு ஒரு பக்கம். எதிர் வீட்டுப் பெண்மணி வேலைக்குக் கிளம்பி வந்தவர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் சுற்றிப் போனார்.

மாலையில் பிரவீனிடம் கேட்டேன்.

“நான் கொஞ்சம் சாப்ட்டேன் மதினி. எல்லாத்தையும் முடியல, மிச்சத்த நேத்து ராத்திரி கொண்டாந்து வாசல்ல இருந்த பையில அடியில போட்டுட்டேன். ரூம் ஃபுல்லா வாசம் வந்துச்சுன்னு நர்ஸ்…” பாதியில் நிறுத்தினார். “அவளுக்குத் தெரிஞ்சுதான். ஒங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு…”

“இன்னைக்கு டப்பா இல்லை தம்பி” என்றேன். மிச்சக் கருவாட்டை நானே குழம்பு வைத்து ஐந்து நாளும் சாப்பிட்டேன். எனக்கு என்ன பால் சுரக்கப்போகிறது!

சனிக்கிழமை, மத்தியானம் ஒன்றரை. டாக்ஸியில் வந்து இறங்கினார்கள். பிள்ளையை முதன்முதலாக வாங்கினேன், முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு. மூன்று கிலோ அறுநூறாம். எங்கள் அம்மாவின் நெற்றி. கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த வாசனையை இழுத்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்து மணிக்கு வெந்நீர் வைத்தேன். குளியலறைத் தரையில் உட்கார்ந்து காலை நீட்ட இடமில்லை என்பதால் அடுக்களையில் துணி விரித்து உட்கார்ந்தேன். பிரவீன் ஒரு சின்னத் தொட்டியோடு வந்தார். தண்ணீருக்குள் வெப்பமானியைப் போட்டார்.

“அக்கா, கால்ல போட வேண்டாம்” என்றாள் ஜெனி. “அங்க சொல்லிக் குடுத்திருக்காங்க. அவரு செய்வாரு.”

அவர் செய்தார். இடது கையில் கழுத்தைத் தாங்கி, பழகிய கையாக, பிள்ளை சிணுங்காமல். குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் நீட்டிய காலை மடக்கிக்கொண்டு எழுந்து துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளையைத் துடைத்துப் படுக்கவைத்ததும், அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

“நாலு நாள் சாப்பாட்டையும் குப்பையில பாத்தேன்டி. நல்லா இருந்துச்சுன்னு சொன்னியே?”

“ஒனக்குக் கஷ்டமா இருக்கும்னு சொன்னேன்.”

“இப்ப மட்டும் இனிக்குதா? பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லவேண்டியதுதானே? ஒன்ன வளத்தவகிட்டச் சொல்ல என்னடி?”

“இதான்க்கா.” சத்தம் போடாமல்தான் சொன்னாள். “இந்த வார்த்தைதான். நீ ஒரு வாய் சோறு குடுத்தாலும் இதுவும் கூடவே வரும். அங்க காசு கட்டுனோம், அவங்க பாத்தாங்க, முடிஞ்சுபோச்சு. பதினாலு நாள் யாருக்கும் நான் கடமப்படாமப் படுத்துக் கெடந்தேன். எனக்கு அது வேணும்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் நீ வந்தா ஒங்கிட்டச் சிரிச்சுப் பேசலாம்னுதான் அந்தத் தேதிய சொன்னேன்.”

பிரவீன் அடுக்களைக் குழாயைத் திறந்துவிட்டார், கேட்காத மாதிரி.

என்னிடம் பதில் இருந்தது. ஒன்று அல்ல, நூறு. ஆனால் ஃபீஸ் கட்டியது, பேன் பார்த்தது, கல்யாணத்துக்கு என் வளையல் போனது என்று எதை எடுத்துப் பேசினாலும் அது அவள் பக்கம்தான் சாட்சி சொல்லும். ஈரத் துண்டை எடுத்துக் காயப்போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தரை. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது, நெற்றியில் சிலுவை போட்டேன். ஜெனி வாசல்வரை வந்து, “அடுத்த வருசம் வாக்கா” என்றாள். இது மரியாதைக்குச் சொல்வதா, உண்மையாகவே சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. நம் ஊரில் என்றால் தெரிந்திருக்கும். இறக்கத்தில் பெட்டியின் சக்கரம் அந்த அமைதியான சந்து முழுக்கத் தடதடவென்று கேட்டது. யாரும் ஜன்னலைத் திறந்து பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கடையைத் திறந்தேன். முதலில் வந்தவர் பக்கத்துத் தெரு அங்கன்வாடி டீச்சர் ரோஸ்லின், கையில் ஆதார் அட்டை.

“வந்துட்டீங்களா! தங்கச்சி நல்லா இருக்கா? பிள்ளைக்குத் தண்ணியெல்லாம் நீங்கதான் ஊத்துனீங்களா?”

“பின்ன? பதினஞ்சு நாளும் நான்தான். கால்ல போட்டா அப்படியே கெடக்கும் டீச்சர், அழவே அழாது. சுறாப் புட்டுன்னா அவளுக்கு உசுரு, டப்பாவ வழிச்சுச் சாப்ட்டா.”

“ஒங்க தங்கச்சி குடுத்து வச்சவங்க” என்றார்.

ரெண்டு பக்கமும் எடுக்கணுமா என்று கேட்டு, அட்டையை வாங்கி மெஷினில் வைத்தேன்.